ஜாம் போத்தல் விளக்கிலிருந்து இணையம் வரை



சென்ற கார்த்திகை மாதம் எங்கள் சங்கத்தின் சாமான் அறையைத் துப்புரவாக்கினோம். நாடகத்துக்குக் கட்டிய காகித முடிகள், தோல் கிழிந்த மிருதங்கம், பழைய ஒலிபெருக்கிப் பெட்டி என்று எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்ட பிறகு, மூலைக்குள் ஒரு பிஸ்கற் ரின் அகப்பட்டது. திறந்தால் உள்ளே பதினொரு பிளொப்பி. ‘மலர் 99’, ‘மலர் 2000’, ‘நாடகப் பிரதி’ என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாஸ்ரருடையது.

மாஸ்ரரைப் பழைய ஆக்களுக்குத் தெரியும். மயிலிட்டிப் பக்கத்து மனிதர். 1990 ஜூனில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர், எங்கெங்கோ அலைந்து கடைசியில் இந்த ரவுண்ட் ராக்கில் வந்து இறங்கினார். (‘றவுண்ட் றொக்’ என்று எழுதினால்தான் எனக்கு வாயில் வரும். ஆனால் ஆசிரியர் குழு விடமாட்டுது.) சங்கத்தின் முதல் மூன்று மலர்களுக்கும் தட்டச்சு, பக்க அமைப்பு, ஒப்புநோக்கல் எல்லாம் அவர் ஒருவரே. அவர் காலமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது.

அந்த மூன்று மலர்களிலும் தன்னுடைய ஊர் ஒழுங்கைகளைப் பற்றி ஒரு தொடர் எழுதினார். ஒவ்வொரு ஒழுங்கையாக எடுத்து, யாருடைய வளவு, எந்தப் பக்கம் வேலி, எங்கே கிணறு, எந்தக் கிணறு நன்னீர், எது உவர், எந்த மூலையில் புளியமரம் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போவார். நாங்கள் பெரிதாக வாசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “மனுசன் காணி உறுதி எழுதுது” என்று பகிடியும் பண்ணினோம்.

அந்தப் பகிடி இப்போது சுடுகிறது. வலிகாமம் வடக்கில் அதியுயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகளில் ஒரு பகுதி பின்னாளில் கட்டம் கட்டமாக விடுபட்டது. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடுபட்டது 2017 ஜூலையில். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு போன சனம் கண்டது என்ன? பல இடங்களில் வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. இடித்து மட்டமாக்கிய நிலமும் அதன்மேல் வளர்ந்த பற்றையும்தான். தன் வளவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிணற்றைத் தேடித் திரிந்தவர்கள் உண்டு. மாஸ்ரரின் மகள் போனபோதும் அதுதான் நடந்தது. திரும்பி வந்து அவ கேட்டது ஒரே கேள்வி.

“அப்பா எழுதின மலர் ஆரிட்டையாவது இருக்கோ?”

ஒருவரிடமும் இருக்கவில்லை. நூற்றைம்பது பிரதி போட்டோக்கொப்பி அடித்தோம். வீடு மாறினோம், பேஸ்மென்ற் இல்லாத ஊர் இது, கராஜில் வைத்ததை எறிந்தோம். அதனால்தான் அந்த பிஸ்கற் ரின்னைக் கண்டவுடன் எனக்குக் கை நடுங்கியது.

பிளொப்பி வாசிக்கும் கருவி ஒன்றைத் தேடி வாங்கினோம். என் தங்கச்சியின் மகள் பல்கலைக்கழகத்தில் கணனி படிக்கிறாள். அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

“மாமா, இதென்ன பாஷை? ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

எட்டிப் பார்த்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்து. ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’. அடுத்த வரியில் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. அவளுக்கு அது குப்பை. எனக்கு முதலாவது ‘தமிழ்’, இரண்டாவது ‘அம்மா’. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இது இன்னும் விரலில் இருக்கும்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று சொல்லப் போனால், எங்களுடைய எழுத்து இணையத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவுக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு நாங்கள் விசாவுக்கு நின்ற நாளில் தொடங்கியதல்ல. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். 1820இல் அவர்களுக்காக காரெட் என்ற அச்சுத்தொழிலாளி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். ஆனால் அப்போதைய ஆங்கிலேய ஆட்சி அவரைத் தங்க விடவில்லை, வெளியேறச் சொல்லிவிட்டது. அச்சு யந்திரத்தை எவர் கையில் விடுவது என்பது எந்த அரசுக்கும் பயமான விஷயம்தான் போலும். 1834இல்தான் மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841 தையில் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது. அச்சு என்ற கருவியின் பலத்தை முதலில் விளங்கிக்கொண்ட எங்கள் ஆள் ஆறுமுக நாவலர். 1849இல் தமிழகம் போய் யந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் தன் அச்சகத்தை நிறுவினார். மிஷனரிமாரின் கருவியையே எடுத்து அவர்களுக்கு மறுமொழி எழுதினார்.

அடுத்தது தட்டச்சுப்பொறி. சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா போய், சிங்கப்பூரில் வேலை செய்த ஆர். முத்தையா என்பவர்தான் 247 எழுத்துள்ள தமிழை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்க வழி கண்டவர். அவர் பெயர் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கணனிக்கு வந்த பாமினி எழுத்துரு தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை ஒழுங்கைத்தான் பெரிதும் பின்பற்றியது. ஊரில் தட்டச்சுப் படித்த ஒருவர் பாரிசிலோ ரொறன்ரோவிலோ கணனிக்கு முன் குந்தினால், புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை. புலம்பெயர் நாட்டுச் சஞ்சிகைகள் பல பாமினியில் வெளிவந்ததற்கு அது ஒரு முக்கிய காரணம். எங்கள் மாஸ்ரரும் அப்படித்தான். திரையைப் பார்க்காமலே அடிப்பார்.

இடையில் 1981. மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும். இதைப்பற்றி இந்த மலரில் பலமுறை எழுதியாயிற்று. இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் அதற்கு ஒரு நெருப்புக்குச்சி போதும். அந்த இரவை அறிந்த தலைமுறைக்குப் ‘பிரதி’ என்ற சொல்லில் ஒரு பதற்றம் உண்டு. பின்னால் சொல்லப்போகிற பலரும் எதற்காக இரவிரவாக விழித்திருந்து தட்டச்சு செய்தார்கள், ஸ்கான் பண்ணினார்கள் என்பதை இதை வைத்துத்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

உலகத்தில் இணையம் பிறந்த வருடங்களையும் எங்கள் ஊரில் நடந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெனீவாவுக்கு வெளியே உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தது 1989 மார்ச்சில். அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்குத் தடை, பற்றறிக்குத் தடை, அச்சடிக்கும் தாளுக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அதில் துளி மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்திப் படித்தோம். கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ போட்டு பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்டோம். நான் சுற்றினவன். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் கை உளையும், சத்தம் குறையும், வீட்டுக்குள் இருந்து பேச்சு வரும்.

1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் காசு கொடுக்காமல் பாவிக்கலாம் என்று விட்டுவிட்டது. 1995இல் கொழும்பில் காசு கட்டி இணையம் எடுக்கும் வசதி வந்தது. அதே 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நடந்து வெளிக்கிட்டது. அந்த மழை இரவில் செம்மணி வெளியில் நின்றவர்களுக்கு உலகம் ஒரு வலையால் பின்னப்படுகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஆனால் வெளியில் இருந்தவர்கள் கைகட்டி இருக்கவில்லை. முதலில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பார்த்தார்கள். ‘ல’வும் ‘ள’வும் ‘ழ’வும் ஒன்றாகிப் போய், வாசித்தவர் தன் ஊகத்தில் விளங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நேரம்தான் ஆளுக்கொரு பக்கம் எழுத்துரு செய்யத் தொடங்கினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். பாவம், 1999இல் காலமாகிவிட்டார், தான் நட்ட மரத்தின் காயைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கு. கல்யாணசுந்தரம். தொழிலால் இரசாயன விஞ்ஞானி. சுவிற்சர்லாந்தில் லவுசான் நகரத்தில் இருந்தவர். இணையம் பிறந்த ஜெனீவா ஒரு ஏரியின் முனையில், லவுசான் அதே ஏரியின் கரையில். அவர் ‘மயிலை’ என்று ஒரு எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்தார். பிறகு 1998 தைப்பொங்கல் அன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பழைய தமிழ் நூல்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை பார்த்து, இணையத்தில் வைத்தார்கள். சம்பளம் இல்லை. சங்க இலக்கியத்தை வீட்டு அலுமாரியில் வைத்திருக்க வசதியில்லாத அகதிக்கும் அது கிடைத்தது. நான் வேலை செய்த தொழிற்சாலையில் இரவுச் சிப்ற் முடித்து வந்து, திருக்குறளைத் திரையில் முதன்முதல் பார்த்த விடியற்காலை எனக்கு நினைவிருக்கிறது.

குழப்பமும் அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு ஒழுங்கு. ஒரு பத்திரிகையை வாசிக்க ஒரு எழுத்துரு, மற்றதற்கு வேறொன்று. எது இல்லையோ அது குப்பையாகத் தெரியும். 1999 பெப்ரவரியில் சென்னையில் ஒரு மாநாடு கூடி ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் சில குறியீட்டு முறைகளையும் முடிவுசெய்தார்கள். அதற்குள் வேறு அணியொன்று வேறொரு முறையைப் பரப்பிவிட்டது. தமிழன் கூடினால் இரண்டு சங்கம் என்ற சொல் எழுத்துருவிலும் பலித்தது. கடைசியில் இதைத் தீர்த்தது எங்கள் ஒற்றுமை அல்ல. உலகத்து எழுத்துக்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தது. அந்த இடம் போதாது, உயிர்மெய்க்குத் தனி இடம் தரவில்லை என்று சண்டை நடந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் விண்டோசும் பிறகு கைத்தொலைபேசிகளும் அதை ஏற்றுக்கொண்ட பின், 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசும் அதையே நியமமாக அறிவித்தது. இன்று பிள்ளைகள் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் எழுதுகிறார்கள். பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையில்லாமல் போனதுதான் அந்த வேலையின் வெற்றியும்.

செய்தியின் கதை வேறு. 1997இல் ‘தமிழ்நெற்’ தொடங்கியபோது, ஊரிலிருந்து அன்றன்று நடந்ததை அன்றன்றே ஆங்கிலத்தில் உலகம் வாசிக்கும் நிலை வந்தது. அதற்குமுன் எங்கள் இழவைக்கூடக் கொழும்பு சொல்லித்தான் மற்றவர்கள் கேட்டார்கள். அதன் ஆசிரியராக இருந்த தராக்கி சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கிடந்தார். 2007 ஜூனில் அந்தத் தளம் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. 1820இல் அச்சுக்காரரை வெளியேற்றியதையும் இதையும் சேர்த்துப் படியுங்கள். தளத்தை அங்கே பூட்டலாம், லண்டனில் இருப்பவர் வாசிப்பதைப் பூட்ட முடியவில்லை என்பதே வித்தியாசம். எழுதியவர்களின் உயிருக்கு அந்த வித்தியாசம் உதவவில்லை.

2009ஐப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனம் இல்லை. தை தொடக்கம் வைகாசி வரை நாங்கள் எல்லோரும் திரைக்கு முன்னால்தான் இருந்தோம். வேலைக்குப் போகும்போதும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். படம் உடனுக்குடன் வந்தது. பிள்ளைகள் ரொறன்ரோவில் நெடுஞ்சாலையில் இறங்கினார்கள், லண்டனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் குந்தினார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த காட்சிகள் பின்னர் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் வந்து உலகத்தை உலுக்கின. சைக்கிள் சுற்றிச் செய்தி கேட்ட காலத்தில் தெரியாமல் இருந்தது கொடுமை என்று நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டும் ஒன்றும் செய்ய ஏலாமல் இருப்பது அதைவிடக் கொடுமை என்று அந்த வருடம் தெரிந்தது.

சரி, நல்லதையும் சொல்வோம். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலேயே அதைத் தூக்கி நிறுத்தியவர் எங்கள் யாழ்ப்பாணத்தவர், இ. மயூரநாதன். கட்டடக் கலைஞர். வளைகுடா நாட்டில் வேலை செய்துகொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணி எவரும் படிக்க வைத்தது. கோயில் மலர், பள்ளிக்கூட மலர், சனசமூக நிலைய அறிக்கை, கல்வெட்டு என்று ஒருவரும் பெறுமதி கொடுக்காத கடதாசியையும் அவர்கள் விடவில்லை. லண்டனில் இருந்து என். செல்வராஜா ‘நூல்தேட்டம்’ என்று, தொகுதிக்கு ஆயிரம் நூலாக, எங்கள் நூல்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார். 97,000 திரும்ப வராது. ஆனால் அடுத்த 97,000 ஒரே கட்டடத்துக்குள் இல்லை.

இணையத்தில் போட்டால் என்றென்றைக்கும் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நம்மூர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். இந்த நகரத்துக்குப் பெயர் கொடுத்த அந்த உருண்டைக் கல்லைப் பிரஷி ஓடைக்குள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் எவ்வளவு என்று அந்தக் கல்லைப் பார்த்துக் கணித்துத்தான் முற்காலத்தில் வண்டிகளும் மாட்டு மந்தைகளும் ஓடையைக் கடந்தன. 1854இல் தபாற்கந்தோருக்கே அந்தக் கல்லின் பெயரை வைத்தார்கள். 1876இல் ரயில் வந்தது. அது பழைய ஊருக்குள் வரவில்லை, ஒரு மைல் தள்ளிப் போனது. கடைகள் ரயிலுக்குப் பின்னால் போய்விட்டன. பழைய ஊரை யாரும் எரிக்கவில்லை, பாதைதான் மாறியது. சுண்ணாம்புக் கல்லில் வண்டிச்சில்லு தேய்ந்த தடம் மட்டும் ஓடையில் இன்னும் தெரிகிறது. பிறகு 90களில் டெல் நிறுவனம் வந்து இந்த ஊரை இன்னொரு முறை மாற்றியது. 1996இல் இணையத்தின் வழியாகவே கணனி விற்கத் தொடங்கிய நிறுவனம் அது.

இணையத்திலும் அப்படித்தான். ஜியோசிற்றீஸ் என்ற இலவச இடத்தில் எங்கள் ஆக்கள் எத்தனையோ பேர் ஊர்ப் பக்கங்கள் கட்டினார்கள். கோயில் படம், பழைய மாணவர் பட்டியல், அந்தியேட்டி அழைப்பு எல்லாம் அங்கே. 2009 ஒக்ரோபரில் அதை மூடிவிட்டார்கள். சிலதைச் சான்பிரான்சிஸ்கோவின் இன்ரர்நெற் ஆக்கைவ் காப்பாற்றி வைத்திருக்கிறது, பலது போனது போனதுதான். இன்றைக்கு ஊர்ப் புதினம் முழுக்க வாட்சப் குழுக்களில். ஒரு பெரியவர் தன் ஊர்க் கதையை இருபது நிமிடம் குரலில் சொல்லி அனுப்புகிறார், எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் படம் ஒன்றைப் பதிலாகப் போடுகிறார்கள். இரண்டு வருடத்தில் தொலைபேசியை மாற்றும்போது அந்தக் குரலும் போகிறது. பாமினிப் பிளொப்பியாவது இருபத்தைந்து வருடம் ரின்னுக்குள் கிடந்தது.

இனி வரப்போவது என்ன? வந்தேவிட்டது. கணனியிடம் தமிழில் கேட்டால் தமிழில் பதில் எழுதுகிறது. மருமகள் காட்டினாள். பரீட்சித்துப் பார்க்கலாம் என்று ‘ஒழுங்கை என்றால் என்ன?’ என்று கேட்டேன். ஒழுங்கு, கட்டுப்பாடு, நல்லொழுக்கம் பற்றி நாலு பந்தி அழகாக எழுதித் தந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அந்த யந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இணையத்தில் அகப்படும் எழுத்தைப் பெருவாரியாகத் தின்றுதான் அது படிக்கிறது. ஆங்கிலம் கடல் போல இருக்கிறது. தமிழ் அதில் ஒரு கேணி. அந்தக் கேணிக்குள் எங்கள் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, மலையகத்துப் பேச்சு எத்தனை வாளி வரும்? ஸ்கான் பண்ணிய பக்கம்கூட அதற்கு முதலில் படம்தான், எழுத்தாக மாற்றினால் அதற்கு வாசிக்கச் சுகம். நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளை தன் பூட்டனின் ஊரைப்பற்றி அதனிடம்தான் கேட்கப் போகிறது. ‘ஒழுங்கை’ என்ற சொல்லைத் தெரியாத ஒன்றிடம்.

இப்போது பிளொப்பிக்குத் திரும்புவோம். ஜெர்மனியில் வாழும் எங்கள் ஆள் சுரதா யாழ்வாணன், பாமினியில் அடித்ததை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவியொன்றை வருடக்கணக்கின் முன்னரே செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்தவர். அந்த வகை மாற்றி ஒன்றில் மருமகள் குப்பையை ஒட்டி, ஒரு பொத்தானை அமத்தினாள். கீழே தமிழ் வந்தது. மாஸ்ரரின் தமிழ். ‘கிழக்கே கோயில் வீதியில் இருந்து இறங்கினால் முதலாவது ஒழுங்கை’ என்று தொடங்கியது. அவள் சத்தமாக வாசித்தாள், எழுத்துக்கூட்டித்தான். ‘உவர்’ என்றால் என்ன மாமா என்றாள். சொன்னேன்.

பதினொன்றில் ஏழு திறந்தன. நான்கு செத்துவிட்டன, பூஞ்சணம் பிடித்துவிட்டது. 1999, 2000 மலர்களின் பகுதிகள் முழுதாகக் கிடைத்துவிட்டன. பதினாறு ஒழுங்கைகள். மாஸ்ரரின் மகளுக்கு அனுப்பியாயிற்று, ஊரிலுள்ள அவவின் சித்தப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிணறுகளை அடையாளம் கண்டிருக்கிறார். அந்தப் பகுதிகளை இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் மறுபிரசுரம் செய்கிறோம், நூலகத்துக்கும் அனுப்பவிருக்கிறோம்.

2001ஆம் ஆண்டு மலரின் பிளொப்பிதான் செத்தவற்றில் ஒன்று. துறைமுகப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அவர்களுடைய சொந்த வளவும் அந்தப் பக்கம்தான். மஞ்சள் மட்டை, முன்பக்கத்தில் கையால் கீறிய நிறைகுடம். உங்கள் கராஜில், பழைய சூட்கேசின் அடியில், பிள்ளைகளின் சேர்ட்டிபிக்கற் பைலுக்குள் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும்போது நான் அங்கேதான் இருப்பேன்.